பாதி வருஷம் வெளியில் இருக்கும் ஆட்டக்காரரின் வீடு

கேள்வி சுருக்கமாக இதுதான்: கணவர் தொழில்முறை ஆட்டக்காரர், வருஷத்தில் ஏறக்குறைய 200 இரவு வெளியில். குழந்தைக்கு 14 மாதம். அவர் திரும்பி வந்தால் குழந்தை அவரிடம் போகாமல் அழுகிறது. வந்த இரண்டாம் நாளே பெரியவர்களுக்குள் சண்டை. அடுத்த சீசனுக்குள் எதை மாற்றலாம், மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

குழந்தையின் அழுகையிலிருந்து தொடங்குகிறேன், உங்களை அதிகம் வருத்துவது அதுவாகத்தான் இருக்கும். எட்டு மாத வாக்கில் குழந்தைக்குப் பிரிவு பற்றிய பயம் வர ஆரம்பிக்கும். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அது உச்சத்தில் இருக்கும். தினமும் கூடவே இருப்பவரை விட்டு இன்னொருவர் கைக்குப் போக மறுப்பது அந்த வயதின் இயல்பு. அப்பாவைப் பிடிக்கவில்லை, அப்பாவை மறந்துவிட்டது என்றெல்லாம் அதற்கு அர்த்தம் கிடையாது. இதை உங்கள் கணவருக்கும் சொல்லிவிடுங்கள். அழுகையைப் பார்த்து மனசு ஒடிந்து ஒதுங்கிக்கொள்ளும் அப்பாக்கள்தான் அடுத்த முறை இன்னும் அந்நியமாகிப் போகிறார்கள்.

இந்த வீடுகளைப் பிரிவின் நீளத்தை விட அதிகமாக உலுக்குவது இரண்டு. எந்த நாள் வீட்டில், எந்த நாள் வெளியில் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருப்பது ஒன்று. திரும்பி வரும் நாட்களுக்கு யாரும் திட்டம் போடாமல் இருப்பது இன்னொன்று. பயிற்சிக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை இருக்கும், சாப்பாட்டுக்கு கிராம் கணக்கு இருக்கும், குடும்பத்துக்கு மட்டும் மிச்சமிருக்கும் நேரம். சீசன் அட்டவணை போடும் அதே தாளில், அதே நாளில் குடும்பத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். நான் சொல்லப் போவது எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதல் வேலை, ஆட்டங்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுவது. பேஸ்பாலின் பெரிய லீக்கில் ஒரு அணிக்கு சீசனில் 162 ஆட்டம், அதில் பாதி வெளியூரில். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 82, அதிலும் பாதி வெளியூர். டென்னிஸ் ஜனவரியில் தொடங்கி நவம்பர் வரை ஓடும். சைக்கிள் பந்தயத்தில் பெரிய டூர் ஒன்றுக்கே மூன்று வாரம் போய்விடும். அதற்கு முன்னால் உயரமான மலையில் முகாம் போட்டால் இன்னொரு மூன்று வாரம், ஏனென்றால் ரத்தத்தில் மாற்றம் தெரிய அவ்வளவு நாளாவது தங்க வேண்டும். ஆட்ட நாட்களை மட்டும் எண்ணுகிறவர்கள் பயண நாள், முகாம், ஸ்பான்சர் நிகழ்ச்சி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். அவற்றையும் சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

ஒரு பெரிய தாளில் வருஷத்தின் எல்லா நாட்களையும் எழுதி மூன்று நிறம் தீட்டுங்கள். கட்டாயம் வெளியில் இருக்கும் இரவு ஒரு நிறம். தேர்வு, வெற்றி தோல்வி, உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடியது இன்னொரு நிறம். விரும்பினால் மறுக்கலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது நிறத்தில்தான் குடும்பத்துக்கான இடம் ஒளிந்திருக்கிறது. கண்காட்சி ஆட்டம், விளம்பரப் படப்பிடிப்பு, ‘ஒரு நாள்தானே’ என்று ஒத்துக்கொண்ட விழா எல்லாம் அதில் வரும். ஒரு நாள் விழா பெரும்பாலும் பயணத்தோடு சேர்ந்து மூன்று இரவைத் தின்றுவிடும். ஏஜென்ட்டிடம் இந்தத் தாளின் நகலைக் கொடுத்து, குடும்பத்துக்கென்று மூடிவைத்த நாட்களில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சீசனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சீசன் நடுவில் சொன்னால் எடுபடாது. அப்போது எல்லாமே அவசரமாகத் தெரியும்.

இரண்டாவது நிறத்தில்தான் மனக்கசப்பு விளைகிறது. தனிநபர் விளையாட்டில் முதல் சுற்றிலேயே தோற்றால் திங்கள்கிழமையே வீட்டுக்கு வரலாம், இறுதி வரை போனால் இன்னும் ஆறு நாள் ஆகும். அவர் ஜெயிக்க வேண்டும் என்றும் ஆசை, சீக்கிரம் வர வேண்டும் என்றும் ஆசை. இந்த இரட்டை மனநிலை வீட்டில் இருப்பவரை உள்ளுக்குள் அரிக்கும். அதைப் பேசிவிடுவது நல்லது, குற்ற உணர்ச்சி தேவையில்லை. பெரிய குழந்தைகளிடம் டிக்கெட் கையில் வரும் வரை தேதி சொல்லாதீர்கள். ‘அடுத்த வாரம் ஒரு நாள்’ என்று இடைவெளியாகவே சொல்லுங்கள். தேதி சொல்லி இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை குழந்தை கேட்பதையே விட்டுவிடும்.

கூடவே அழைத்துப்போவதா, வீட்டில் இருப்பதா? பள்ளிக்குப் போகாத வயதில் கூடப் போவது முடியும். உங்கள் குழந்தைக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் சுற்றுப்பயணம் முழுவதும் கூட இருப்பதை விட, நடுவில் பத்திலிருந்து பதினான்கு நாள் போய்வருவது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. முதல் வாரம் வேண்டாம். அவருக்கே ஜெட் லாக் இருக்கும், புது இடத்துக்குப் பழகியிருக்க மாட்டார், அணிக் கூட்டங்களும் நிறைய இருக்கும். கடைசி வாரமும் வேண்டாம், எப்படியும் அவர் திரும்பி வரப் போகிறார். பிரிவு கனமாகும் நடுப்பகுதியில் போனால் இரண்டு பக்கமும் பிரிவு பாதியாகும்.

அணி விதிகளை முன்கூட்டியே கேளுங்கள். ஒவ்வொரு வாரியத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, அது தோல்விக்குப் பிறகு மாறவும் செய்யும். இந்திய கிரிக்கெட் வாரியம் 2025 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் தொடரை இழந்த பிறகு, 45 நாளுக்கு மேல் நீளும் வெளிநாட்டுப் பயணத்தில் குடும்பத்தார் அதிகபட்சம் இரண்டு வாரம்தான் உடன் தங்கலாம் என்று விதி கொண்டுவந்தது. கஷ்டமான நாளில் குடும்பத்திடம் திரும்பி வருவது ஒரு ஆட்டக்காரருக்கு எவ்வளவு முக்கியம் என்று விராட் கோலி அந்த மார்ச்சில் வெளிப்படையாகப் பேசினார். மறுபக்கம், பெண்கள் கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ 1993 முதல் போட்டி நடக்கும் இடங்களுக்கே குழந்தைக் காப்பகத்தைக் கொண்டுபோகிறது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2022இல் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்குமே முகாமில் குழந்தைப் பராமரிப்பு சேர்ந்தது. பாகிஸ்தான் வாரியம் 2021இல் கொண்டுவந்த பெற்றோர் கொள்கையின்படி, தாயான வீராங்கனை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பயணத்தில் அழைத்துவரலாம், அவருடைய செலவில் பாதியை வாரியம் ஏற்கும். பிஸ்மா மரூஃப் 2022 உலகக் கோப்பைக்குத் தன் கைக்குழந்தையோடும் தன் அம்மாவோடும் நியூசிலாந்து போனது அந்த ஏற்பாட்டில்தான். கேட்டால் கிடைக்கும் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். பல அணிகளில் யாரும் கேட்காததால்தான் விதியே எழுதப்படாமல் இருக்கிறது.

போகும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது தூக்கம். குழந்தையோடு ஒரே அறையில் படுக்கும் ஆட்டக்காரருக்கு இரவு மூன்று முறை விழிப்பு வரும், மறுநாள் பயிற்சியில் அது தெரியும், பழி குடும்பத்தின் மேல் விழும். இடையில் கதவு உள்ள இரண்டு அறைகள் கேளுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு அவர் தனியாகப் படுப்பார் என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய், குழந்தை அழும் நடுராத்திரியில், அதைப் பேசினால் புறக்கணிப்பாகப் படும். இரண்டாவது, காகிதங்கள். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட், அது பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். குழந்தையோடு ஒருவர் மட்டும் பயணம் செய்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு சில நாடுகள் கேட்கும். கணவர் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும்போது இந்தக் கையெழுத்து கிடைக்காமல் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சீசன் தொடங்கும் முன்பே எல்லாப் பயணத்துக்கும் வாங்கி வைத்துவிடுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஆட்டக்காரருக்கு வேலை அனுமதி இருக்கும், குடும்பத்துக்கு இருக்காது. இதை மறந்துவிட்டு முழு சீசனுக்கும் வீடு பிடித்தவர்கள் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சளி. காப்பகத்துக்குப் போகும் குழந்தை மாதம் ஒரு முறை சளி கொண்டுவரும், அது அப்பாவுக்கும் ஒட்டும். அவர் வீட்டு அலமாரியில் இருக்கும் மருந்தை எடுத்து விழுங்கிவிடக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றில் உள்ள சூடோஎபிட்ரின், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால், போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அணி மருத்துவர் ஒப்புக்கொண்ட மருந்துகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள், குடும்ப மருந்தோடு கலக்க வேண்டாம்.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் இதையும் இப்போதே பேசிவிடுங்கள். 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பிரசவம் நடக்கலாம். மருத்துவர் குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. ‘அந்த ஆட்டம் முடிந்ததும் வந்துவிடுகிறேன்’ என்பது திட்டமாகாது. 37வது வாரத்திலிருந்து அவர் எந்த ஊரில் இருந்தாலும் அங்கிருந்து கிளம்பும் கடைசி விமானம் எத்தனை மணிக்கு, அணியில் யாரிடம் சொன்னால் போதும், மாற்று ஆட்டக்காரர் யார் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். பேஸ்பாலில் 2011 முதல் இதற்கென்றே விடுப்புப் பட்டியல் இருக்கிறது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை போய்வரலாம், அணி அந்த இடத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். விதி எழுதப்பட்டிருப்பதால் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. 2018 கால்பந்து உலகக் கோப்பையின் நடுவில் இங்கிலாந்தின் ஃபேபியன் டெல்ஃப் மகள் பிறப்புக்காக வீட்டுக்குப் போய், மறுபடி அணியோடு சேர்ந்துகொண்டார். 2020 டிசம்பரில் கோலி அடிலெய்டு டெஸ்டோடு ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார், ஜனவரி 11 அன்று மகள் பிறந்தாள். அதே தொடரில் நம் நடராஜனுக்கு வேறு நிலைமை. நவம்பரில் ஐபிஎல் நடக்கும்போதே மகள் பிறந்துவிட்டாள். வலைப் பயிற்சியில் பந்துவீச ஆஸ்திரேலியா போனவர் மூன்று வடிவ ஆட்டத்திலும் அறிமுகமாகி, ஜனவரியில் ஊர் திரும்பிய பிறகுதான் குழந்தையைப் பார்த்தார். இரண்டு முடிவையும் நான் மதிக்கிறேன். அணியில் இடம் நிலைத்தவருக்கும் முதல் வாய்ப்புக்காகக் காத்திருப்பவருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. அந்த முடிவை இருவரும் சேர்ந்து, முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வெளியாட்கள் அறியாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருக்கும் ஆட்டக்காரர், ஒவ்வொரு நாளும் இரவு எங்கே தங்குகிறார் என்பதையும், காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் எந்த 60 நிமிடம் எந்த இடத்தில் இருப்பார் என்பதையும் அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். வழக்கமான தண்டனை இரண்டு வருஷத் தடை, சூழ்நிலையைப் பார்த்து ஒரு வருஷம் வரை குறையலாம். பலர் அந்த 60 நிமிடத்தைக் காலையில் வீட்டில் என்று போட்டு வைத்திருப்பார்கள். நடுராத்திரி மனைவிக்கு வலி எடுத்து மருத்துவமனைக்கு ஓடும்போது அதை மாற்ற யாருக்கும் நினைவு வராது. விடிகாலையில் பரிசோதகர் வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போவார், ஒரு முறை கணக்கில் ஏறிவிடும். ஆகவே மருத்துவமனைப் பையில் வைக்க வேண்டியவற்றின் பட்டியலில் ‘இருப்பிடப் பதிவை மாற்று’ என்பதும் ஒரு வரியாக இருக்கட்டும். செயலியில் ஓரிரு நிமிட வேலைதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மாமியார் வீட்டில் ஒரு இரவு தங்கினாலும் இதே விதிதான்.

ஆட்டக்காரரே தாயாக இருக்கும் வீடுகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மகப்பேறு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2021 முதல் குறைந்தபட்சம் 14 வாரம் விடுப்பு தரச் சொல்கிறது. அதில் எட்டு வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு, சம்பளம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிட நல்ல விதி உங்கள் நாட்டிலோ கிளப்பிலோ இருந்தால் அது பொருந்தும். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் கர்ப்ப காலச் சம்பளத்தை முழுதாகத் தராத தன் கிளப்புக்கு எதிராக ஃபிஃபாவிடம் போய் ஜெயித்தார். அதனால் இந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. ஸ்பான்சர் ஒப்பந்தம் தனி விவகாரம். தரவரிசை இறங்கினால் தொகையைக் குறைக்கலாம் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும், கர்ப்ப காலத்தில் தரவரிசை இறங்கத்தான் செய்யும். ஓட்டவீராங்கனை அல்லிசன் ஃபீலிக்ஸ் இதை 2019இல் வெளியே பேசிய பிறகு, அவருடைய ஸ்பான்சராக இருந்த நைக்கி 18 மாதத்துக்கு அப்படிக் குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தை மாற்றியது. டென்னிஸில் 2017இல் முதலிடத்தில் இருந்தபோது மகப்பேறு விடுப்பில் போன செரீனா வில்லியம்ஸ், 2018 பிரெஞ்சு ஓபனுக்குத் திரும்பியபோது சீடிங் (முன்னணி வீரர்கள் முதல் சுற்றுகளில் ஒருவரை ஒருவர் சந்திக்காதபடி தரவரிசைப்படி தரும் இடம்) இல்லாமல் ஆடினார். அதன் பிறகுதான் குழந்தை பிறந்து மூன்று வருஷம் வரை பழைய தரவரிசையைப் பயன்படுத்தலாம் என்று விதி தளர்ந்தது.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஆடுபவர்களுக்கு அளவுகள் இவை. கறந்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஐஸ் பொதி வைத்த பெட்டியில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம் வைக்கலாம். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பயிற்சிக்குச் சற்று முன் கறந்துவிட்டால் மார்பு கனம் குறைந்து ஓட முடியும். ஒரு வேளையைத் தவறவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், அதுவே தொடர்ந்தால் காய்ச்சலோடு அழற்சி வரும். ஆகவே அணி மேலாளரிடம் கேட்க வேண்டியது, பூட்டக்கூடிய ஒரு அறை, ஒரு மின்சாரப் பிளக், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. இவ்வளவு நேரடியாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

இனி அன்றாட வீடியோ கால். 14 மாதக் குழந்தைக்கு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. அதற்கு மேல் குழந்தை திரும்பிப் போய்விடும், அதைப் பார்த்து அப்பாவுக்கு வலிக்கும். போனைக் கையில் பிடித்துக் குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். தரையில், குழந்தை விளையாடும் இடத்தில், அதன் கண் மட்டத்தில் சாய்த்து வையுங்கள். அவர் பேச்சுக் கொடுப்பதை விட ஏதாவது செய்வது நல்லது. ஒரே படப் புத்தகத்தின் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அவர் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். அவர் அங்கே பக்கம் திருப்ப, நீங்கள் இங்கே அதே பக்கத்தைத் திருப்புங்கள். கண்ணாடித் திரையில் தெரிபவரும் கையில் தொடும் படமும் ஒன்று என்பது குழந்தைக்கு மெல்லப் பிடிபடும். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் குழந்தை மருத்துவர்களும் வீட்டாரோடு பேசும் வீடியோ காலுக்கு விலக்கு அளிக்கிறார்கள்.

நேரத்தை அவர் வசதிக்கு விடாமல் குழந்தையின் நாளில் ஒரு இடத்தில் ஆணி அடித்து வையுங்கள். உதாரணமாக அவர் இருக்கும் ஊர் உங்களை விட 10 மணி நேரம் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காலை 8 மணி அவருக்கு மாலை 6. பயிற்சி முடிந்திருக்கும், அணிக் கூட்டம் தொடங்கியிருக்காது, குழந்தையும் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும். உங்கள் இரவு 8 மணி அவருக்கு மறுநாள் காலை 6. குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருக்கும், அவரும் அரைத் தூக்கத்தில் இருப்பார், அந்த நேரம் வேண்டாம். ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆட்ட நாளில் வீடியோ கால் இல்லை என்றால், அது ஆட்ட நாள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியாக இருக்கட்டும். அன்றைக்கு அவர் முன்பே பதிவு செய்து அனுப்பிய ஒரு நிமிட வீடியோவைக் காட்டலாம். வீடியோ கால் முடிந்ததும் குழந்தை அழுதால் அழைப்பையே நிறுத்திவிடுகிறார்கள் பலர். அந்த அழுகை பிரிவை உணர்வதன் அடையாளம். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும், அழைப்பைத் தொடருங்கள்.

பெரியவர்கள் பேசும் அழைப்பைத் தனியாக வையுங்கள். குழந்தையோடு பேசும் அழைப்பிலேயே தண்ணீர்க் குழாய் உடைந்தது, பள்ளிக் கட்டணம், தோல்வி எல்லாம் சேர்ந்தால் எதுவும் உருப்படாது. கெட்ட செய்தியை எப்போது சொல்வது என்பதையும் சீசனுக்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய எதுவானாலும் உடனே, ஆட்டம் நடந்துகொண்டிருந்தாலும் அணி மேலாளர் வழியாகச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், சின்ன அடி போன்றவை அன்றைய ஆட்டம் முடிந்த பிறகு. பணம், ரிப்பேர், உறவினர் சச்சரவு வாரம் ஒரு முறை. இந்த ஒப்பந்தம் இல்லாத வீட்டில், மறைத்துவிட்டாய் என்று ஒருவரும், ஆட்டத்துக்கு முன் ஏன் சொன்னாய் என்று மற்றவரும் குறைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் போன் அணைந்திருக்கும்போது நேரடியாக அழைக்க அணி மேலாளர் எண், பிசியோ எண் இரண்டும் உங்களிடம் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கூட்டுக் கையெழுத்து, வீட்டு விவகாரங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி, காப்பீட்டுக் காகிதங்கள் ஆகியவையும் உங்கள் கையில்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் இல்லாத நாட்களில் இருவர் வேலையை ஒருவர் செய்கிறீர்கள். உங்கள் வேலை, உடற்பயிற்சி, சிநேகிதிகள் எல்லாம் அவருடைய அட்டவணையில் கிடைக்கும் ஓட்டைகளில் நுழைய வேண்டும் என்றால் இரண்டு சீசனில் தேய்ந்துபோவீர்கள். அவர் வெளியில் இருக்கும் வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறை, குறைந்தது மூன்று மணி நேரம், குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சம்பளம் கொடுத்தாவது செய்யுங்கள். பயிற்சியாளருக்கும் பிசியோவுக்கும் செலவு செய்வது போல இதுவும் தொழில் செலவுதான்.

இப்போது நீங்கள் கேட்ட சண்டை. திரும்பி வந்த முதல் நான்கு நாள்தான் எல்லா ஆட்டக்காரர் வீட்டிலும் கடினம். அவருக்கு வீடு என்றால் ஓய்வு. ஆறு வாரம் ஹோட்டல் அறை, பேருந்து, மேற்பார்வை எல்லாம் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கத் துடிக்கிறார். உங்களுக்கு அவர் வருகை என்றால் கைமாற்று. ஆறு வாரம் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்கத் துடிக்கிறீர்கள். இரண்டும் நியாயம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. போதாததற்கு ஜெட் லாக். உடல் கடிகாரம் ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேரம்தான் சரியாகும், கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் தாமதம். எட்டு மணி நேர வித்தியாசத்திலிருந்து வந்தவர் மாலை ஐந்து மணிக்கு சோபாவில் சாய்ந்து தூங்கிப்போவது அலட்சியமில்லை, அவர் உடம்புக்கு அது நடுராத்திரி.

ஆகவே வருவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த நான்கு நாளையும் போனில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விருந்தாளி கிடையாது, அவருடைய அம்மா அப்பாவும் மூன்றாம் நாள் வரட்டும். அன்று அவர் தூங்கலாம், கணக்குக் கேட்கக் கூடாது. இரண்டாம் நாள் காலை, அவர் எப்படியும் விடிகாலையில் விழித்துக்கொள்வார், குழந்தை அவர் பொறுப்பு, நீங்கள் தூங்குகிறீர்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு அரை நாள் வெளியே. நான்காம் நாள் மாலை இருவரும் மட்டும் ஒரு மணி நேரம். பணமும் அடுத்த பயணமும் அப்போதுதான் பேச்சுக்கு வர வேண்டும், அதற்கு முன் வேண்டாம்.

குழந்தையிடம் அவர் செய்ய வேண்டியதும் தெளிவானது. வாசலில் வந்ததும் உங்கள் கையிலிருந்து வாங்க முயல வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகால் கழுவிவிட்டு, குழந்தை இருக்கும் அறையில் நாலடி தள்ளித் தரையில் உட்காரட்டும். நேராகக் கண்ணைப் பார்க்காமல் குழந்தையின் கட்டைகளையோ பந்தையோ எடுத்துத் தானாக விளையாடட்டும். வீடியோ காலில் படித்த அந்தப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்கட்டும். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்துக் குழந்தை தானாக வந்து அவர் முழங்காலில் ஒரு கட்டையை வைக்கும். அப்போதும் தூக்க வேண்டாம், கட்டையை வாங்கித் திருப்பிக் கொடுக்கட்டும். அன்றைக்கு அது போதும். மறுநாள் குளிப்பாட்டும்போது நீங்கள் ஊற்ற அவர் துடைக்கட்டும். அதற்கு மறுநாள் அவர் ஊற்றட்டும், நீங்கள் கதவருகே நில்லுங்கள். அதற்கும் அடுத்த நாள் நீங்கள் அடுத்த அறையில். அவர் வீட்டில் இருக்கும் வரை குளியல் அவருடையது என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு முறையும் திரும்ப ஒட்டிக்கொள்ள அந்த ஒரு வேலையே கொக்கியாக இருக்கும். பெரிய பொம்மைகள் வேண்டாம். ஒவ்வொரு வருகைக்கும் பரிசு என்றால், இரண்டு மூன்று வயதில் குழந்தை அவர் முகத்தைப் பார்க்கும் முன் பெட்டியைத்தான் பார்க்கும்.

வீட்டு ஒழுங்கில் முதல் வாரம் அவர் கை வைக்கக் கூடாது. தூங்கும் நேரம், சாப்பாடு, அடம் பிடித்தால் என்ன செய்வது ஆகியவற்றை நீங்கள் ஆறு வாரம் தனியாக நடத்தி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். நான் வந்துவிட்டேன், இன்று மட்டும் விடு என்று அவர் தளர்த்தினால், அவர் கிளம்பிய பிறகு அதன் விலையைக் கொடுப்பது நீங்கள். மாற்ற விரும்பினால் குழந்தை தூங்கிய பிறகு உங்களிடம் சொல்லட்டும். காயம்பட்டு மூன்று மாதம் வீட்டிலேயே இருக்கும் காலத்துக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அப்போது இன்னும் அதிகம், ஏனென்றால் ஆட முடியாத வேதனையோடு இருக்கும் ஒருவர் வீட்டைத் திருத்தத் தொடங்குவார்.

இத்தனையும் செய்தும் இரண்டு மூன்று வருகைக்குப் பிறகும் பேச்சு கசப்பாகவே இருந்தால், அல்லது யாருக்காவது தூக்கம், பசி, எதிலும் நாட்டம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆலோசகரைப் பாருங்கள். பல விளையாட்டுகளில் ஆட்டக்காரர் சங்கமே ரகசியம் காக்கும் ஆலோசகரை ஏற்பாடு செய்கிறது, குடும்பத்தாரும் பேசலாம். அணியின் சொந்த உளவியலாளரிடம் போகும் முன், சொல்வது தேர்வாளர்களுக்குப் போகுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, அவர் கிளம்பும் நாள். குழந்தை தூங்கும்போது நழுவிப் போவது எளிது, அழுகையைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம் என்று இரண்டு முறை நடந்துவிட்டால், அதன் பிறகு அவர் குளியலறைக்குப் போனாலும் குழந்தை கதவைத் தட்டும். விமானம் விடிகாலை என்றால் முந்தைய இரவே சொல்லட்டும். பெட்டியைக் குழந்தையின் கண் முன்னால் கட்டட்டும், புத்தகத்தின் தன் பிரதியை உள்ளே வைப்பதைக் காட்டட்டும். பகல் விமானம் என்றால் வாசலில் நின்று கையசைத்து ஒரே ஒரு முறை விடைபெறட்டும். திரும்பி வந்து மறுபடி அணைப்பது வேண்டாம். கதவு சாத்தியதும் நீங்கள் செய்யப்போகும் முதல் வேலை முன்பே முடிவாகியிருக்கட்டும். பூங்காவோ, செடிக்குத் தண்ணீரோ, உடனே கிளம்பக்கூடியதாக ஒன்று. மறுநாள் காலை 8 மணிக்குப் போன் தரையில், அதே இடத்தில்.